உப்பு நார்த்தங்காயும் இனிப்பு வாடையும்

ஒரு துண்டு உப்பு நார்த்தங்காய். வெயிலில் காய்ந்து கறுத்து, ஓரத்தில் உப்புப் பூத்தது. என் சின்னம்மாவின் சுருக்குப்பையில் பஸ்ஸுக்கான சில்லறையோடு அது எப்போதும் கிடக்கும். எங்கள் ஊரான பரளச்சியிலிருந்து காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், ஒரு சேலைப் பட்டறையில் கறை எடுப்பது அவள் வேலை. விசைத்தறியில் ஓடிவரும் சேலைகளில் தறி எண்ணெய் தெறித்திருக்கும். சின்னம்மா தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, சேலையை மடியில் போட்டு, துப்பாக்கி மாதிரியான கருவியால் 'மருந்து' பீய்ச்சுவாள். கறையும் போகும், கொஞ்ச நேரத்தில் ஈரமும் போகும். சாயங்காலம் திரும்பும்போது அவள் மேல் லேசான இனிப்பு வாடை அடிக்கும். கூடவே தலைச்சுற்றலும் வரும். "பித்தம்டி" என்று நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொள்வாள். எங்கள் பக்கத்தில் என்ன வந்தாலும் பழியைப் பித்தத்தின் தலையில் போட்டுவிடுவார்கள்.

மதுரையில் வேதியியல் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகுதான் அந்த மருந்தின் பெயர் எனக்குத் தெரிந்தது: ட்ரைகுளோரோஎத்திலீன். இரும்புப் பாகங்களில் படிந்த கிரீஸைக் கழுவுவதில் கெட்டிக்காரக் கரைப்பான். நாள்பட மூச்சில் போனால் ஈரலைக் கெடுக்கும், சிறுநீரகத்தில் புற்றுநோயையே கொண்டுவரலாம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதைப் படித்த அன்றே ஊருக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். சின்னம்மா சிரித்தாள். "ஏடி, பித்தத்துக்குப் போயி இம்புட்டுப் பெரிய பேரு வச்சுக்கிட்டு வாரியே." நான் விடவில்லை. "ஞாயித்துக்கெழம மட்டும் பித்தம் லீவு போட்டுருதா சின்னம்மா?" பட்டறைக்கு விடுமுறையான ஞாயிறுகளில் தலை சுற்றியதே இல்லை என்பது அவளுக்கும் உறைத்தது. ஆனாலும் வேலையை விடமாட்டேன் என்றாள். விட்டால் மறுபடியும் பருத்திக் காட்டுக்குக் கூலிக்குத்தான் போக வேண்டும். உட்கார்ந்து செய்கிற, நாலு பேர் மதிக்கிற வேலை அது ஒன்றுதான். அவள் உடம்பும் கெடக்கூடாது, வேலையும் போகக்கூடாது. முடியாதா என்ன, பார்த்துவிடலாம் என்று அதையே என் ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

ஆடிக் காற்று சுழற்றியடித்த ஒரு நாளில், காற்றில் கலந்த ஆவியை அளக்கும் கருவியோடு பட்டறைக்குப் போனேன். சன்னல்களில் எல்லாம் சாக்கைத் திணித்து அடைத்திருந்தார்கள். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். "தொறந்தா கரிசக்காட்டுத் தூசி பூராம் ஈரச் சேலையில வந்து ஒக்காந்துக்கிரும் தாயி" என்றார். தூசிக்குப் பயந்து விஷத்தை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார்கள். இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. அடைத்த அறையில் தரையோடு தங்கும். அண்ணாச்சி நின்றுகொண்டு சேலை மடிக்கும் மேசையில் கருவியை வைத்தேன், சும்மா இருந்தது. சின்னம்மாவின் பாயில் வைத்ததும் கத்த ஆரம்பித்தது. "மிசினு ஆயிரம் சொல்லும். நானும் இங்கனதான நிக்கிறேன், எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்றவர், நிரூபித்துக் காட்டுகிறேன் என்று தாமே போய்ப் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். சின்னம்மா பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்குச் சேலைகளை ஒவ்வொன்றாக முடித்தாள். எழுந்தபோது அண்ணாச்சிக்குக் கால் தடுமாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "காலையில வெறும் வயிறு. பித்தமா இருக்கும்" என்றார். சின்னம்மா நிதானமாகச் சுருக்குப்பையை அவிழ்த்து, நார்த்தங்காய்த் துண்டை நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணாச்சி. நானும் இதத்தான் சப்பிக்கிட்டு இருக்கேன்."

அவர் அதை வாங்கவில்லை. நேரே போய்ச் சன்னல் சாக்கைத் தம் கையாலேயே பிடுங்கிப் போட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மாற்று உடனே அமைந்துவிடவில்லை. தேங்காயெண்ணெயிலிருந்து செய்யும் சலவைப் பொருளைத் தண்ணீரில் கலந்து நாங்கள் உருவாக்கிய திரவம் ஆய்வகத்தில் அழகாகக் கறை எடுத்தது. பட்டறைக்கு வந்ததும் சேலையில் வெள்ளை வெள்ளையாக வளையம் விட்டது. எங்கள் போர்த் தண்ணீரின் உப்பு அப்படி. கேன் தண்ணீரில் கலக்கச் சொன்னேன். "மனுசனே இப்பத்தான் கேன் தண்ணிக்கு வந்துருக்கான், சேலைக்குமா?" என்று அண்ணாச்சி முனகினார், ஆனாலும் வாங்கிப் போட்டார். ஒற்றி எடுத்துக் காயவைக்க நேரம் கூடுதலாகும் என்பதால் சின்னம்மாவுக்குத் துணையாக ஓர் ஆளையும் சேர்த்தார். தரைப்பாய் போய் மேசை வந்தது. கடைசி மருந்து டப்பாவும் பட்டறையை விட்டுப் போனது.

சின்னம்மாவின் தலைச்சுற்றலும் அதோடு போயிற்று. மருந்து இருந்தபோது எடுத்த ஈரல் பரிசோதனையில் கூடியிருந்த அளவுகளும் மெல்ல இறங்கிவிட்டன. இனிமேல் ஒன்றும் வராது என்று எந்த ஆய்வும் எனக்கு எழுதித் தராது. அதனால் வருஷா வருஷம் மதுரைக்கு அழைத்துப் போய்ப் பரிசோதித்துவிடுகிறேன். பயம் இருக்கிறது, அதைவிட நம்பிக்கை அதிகம் இருக்கிறது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். வேலையிலிருந்து வந்தவள் மேல் வெறும் வியர்வை வாடைதான். கம்மங்கஞ்சியைக் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து, சுருக்குப்பையிலிருந்து நார்த்தங்காய்த் துண்டை எடுத்தாள்.

"என்ன சின்னம்மா, திரும்பவும் தல சுத்துதா?"

"ஏண்டி, கஞ்சிக்குத் தொட்டுக்கிரக் கூடாதா?" என்றாள். பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.