நான் வாங்கி வைத்த ஏர் கூலர்

சேலத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்தேன். என்னிடம் ஆய்வு செய்த கவிதா சங்ககிரிக்காரி. டெராஹெர்ட்ஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத கதிரை வெளியிடும் லேசர் சிப்பை, அதிகக் குளிரூட்டல் இல்லாமலே வேலை செய்ய வைக்க நான்கு ஆண்டுகள் போராடினாள்.

அவள் வடிவமைத்த சிப் சித்திரை வெயிலில் வந்து சேர்ந்தது. ஆய்வகம் கொதித்ததால், தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர் ஒன்றை வாங்கி மேசையருகே வைத்தேன். ஒரு வாரம் அளந்தும் கதிரை அளக்கும் மீட்டரின் முள் அசையவில்லை.

“கூலர நிறுத்திப் பார்க்கட்டுங்களா சார்?” என்று கேட்டாள்.

“சிப்பு ஓடலைன்னா கூலர் மேல பழி போடுவியாம்மா?” என்றேன். உடனிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் குறிப்பேட்டில் அன்றைய அளவையும் பூஜ்யம் என்று எழுதினாள்.

சிப் தோல்வி என்று அறிக்கையில் கையெழுத்திட்டேன். அவளுடைய உதவித்தொகை நின்றது. ஆய்வை விட்டுவிட்டு ஊருக்குப் போனாள்.

மறு கோடையில் கூலரின் மோட்டார் எரிந்தது. புதிய மோட்டார் வருவதற்குள் அவள் சிப்பை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். முள் எழுந்து நின்றது. கூலர் வீசுவது போன்ற ஈரக்காற்று அந்தக் கதிரை விழுங்கிவிடும் என்பது வகுப்பில் நானே நடத்திய பாடம்.

அன்றே சங்ககிரிக்கு ஓடினேன். லாரி புக்கிங் ஆபீஸில் ரசீது எழுதிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொல்லி, திரும்பி வரும்படி கெஞ்சினேன்.

“அன்னைக்கே தெரியுமுங்க சார். இன்னொருக்கா கேக்கத்தான் தைரியம் வரல. இனிமே வேண்டாமுங்க.”

பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “வேர்க்குதுங்களே, உக்காருங்க” என்று மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

அந்தக் காற்றில் என்னால் உட்கார முடியவில்லை.