பிற்பகல் மூன்று மணிப் புகை

2022 ஜனவரி 11, செவ்வாய்க்கிழமை: எங்கள் வட்டார அலுவலகம் என் அண்டை வீட்டு யாஞ்சிமாவின் மலிவுவிலைக் கரிக்கட்டி அட்டையை முடக்கியது. அவள் அடுப்பை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. இது என் குற்றச்சாட்டு. முடக்கத்துக்கு ஆதாரமாக வைத்த மனு நான் எழுதியது.

யாஞ்சிமா உலான்பாத்தர் நகரின் வடக்குச் சரிவில், என் வேலிக்கு அப்பால், கூடாரத்தில் இரு பெண்பிள்ளைகளுடன் வாழ்பவள், கணவரை இழந்தவள். மழலையர் பள்ளியில் சமைக்கிறாள். காலை ஆறுக்குப் போய் இரண்டரைக்குத் திரும்புவாள். தேநீரின் முதல் கரண்டியை வானுக்குத் தெளிக்காமல் அவள் குடித்து நான் கண்டதில்லை.

நான் காவலாளி. தூசிமானி ஒன்றை வாங்கி, நானே படித்துப் பழகி, மூன்று குளிர்காலமாகக் காற்றின் தூசி அளவைக் குறிக்கும் ஏடு வைத்திருக்கிறேன். தூசி அக்டோபரில் ஏறும், ஜனவரியில் உச்சம், ஏப்ரலில் இறங்கும். ஒரு நாளுக்குள் இரு சிகரங்கள்: அடுப்பு மூட்டும் காலையும் முன்னிரவும். பிற்பகலில் வெயிலும் காற்றும் கலைத்துவிடும். இந்தக் குளிர்காலத்தில் மட்டும் மூன்று மணிக்கு இன்னொரு சிகரம். அந்நேரம் வீடு திரும்புபவள் அவள் ஒருத்தி. டயர் எரிக்கிறாள் என்று எழுதினேன்.

அட்டை முடங்கிய அன்றே வேலியருகே வந்தாள்.

"லுவ்சான் அண்ணே, அடுப்புத் தீயில எச்சில்கூடத் துப்ப மாட்டோம். அதுல நான் டயரப் போடுவேனா?"

"மானி பொய் சொல்லாது தங்கச்சி."

"மானிக்கு மூக்கு எந்தப் பக்கம்னு பாத்தீங்களா?"

பிப்ரவரியில், சந்திரப் புத்தாண்டுக்கு நான்கு நாள் அக்கா வீட்டுக்குப் போனேன். மானி ஓடிக்கொண்டிருந்தது. யாஞ்சிமா வீட்டிலேயே இருந்து, விருந்தினருக்காகப் பகலெல்லாம் அடுப்பெரித்தாள். திரும்பி வந்து பார்த்தபோது அந்த நான்கு நாளிலும் மூன்று மணிச் சிகரம் இல்லை.

செப்டம்பரிலிருந்து எனக்கு இரவுப்பணி. பகலில் தூங்கி, மூன்று மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுபவன் நான். விறகு ஈரமென்று கூரைக்கு வாங்கி மீந்த தார்த்தாளைக் கிழித்துப் பற்றவைத்தேன். மானி தொங்குவது என் கூரையோரத்தில். ஏட்டில் சுற்றியுள்ள எட்டு வீட்டுப் புகைபோக்கிக்கும் பத்தி வரைந்திருக்கிறேன். என்னுடையதற்கு இல்லை.

அவள் கூடாரத்துக்குப் போய்ச் சொன்னேன். வந்தவனுக்குத் தர வேண்டிய தேநீரை இரு கையாலும் நீட்டினாள்.

"குடிங்கண்ணே. வீட்ல இருக்கிற கரி இன்னும் அஞ்சு நாளைக்கு வரும். தாள்ல எழுதித்தானே பிடுங்கினீங்க? தாள்லயே வாங்கிக் குடுங்க."

ஆகவே என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன். ஏட்டின் நகல், 41 பக்கம், இணைத்துள்ளேன். அட்டையின் முடக்கம் நீங்கியது என்றும், லுவ்சான் கூறியது தவறு என்றும் ஐந்து நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். அந்தப் பதில் யாஞ்சிமாவின் பெயருக்கு வர வேண்டும்.