ஜரீனாவின் உப்புப் பை

ஜரீனா நாற்காலியில் உட்கார்ந்து தொழ ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. முட்டி தேய்ந்துவிட்டது. நெற்றியைத் தரையில் வைக்கப் போனால் உடம்பு பாதியில் நின்றுவிடும். மீறி வைத்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். முடியாதவர்கள் உட்கார்ந்தபடி தலை குனிந்தாலே சஜ்தா ஆகிவிடும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும்.

"சலுகை இருக்குது, இல்லன்னு சொல்லல. ஆனா தரையில நெத்தி படாம தொழுதா, பக்கத்து வீட்டுக்கு போன்ல சலாம் சொன்ன மாதிரி இருக்குது" என்பாள்.

வரும் ரமலானுக்குள் ஒரு ரக்அத்தாவது, நின்று குனிந்து சஜ்தா செய்து எழும் ஒரே ஒரு சுற்றாவது, தரையில் தொழுதுவிட வேண்டும். அதற்கு மேல் அவள் எதையும் கேட்கவில்லை. அதையும் மருமகள் ஆஸிஃபாவிடம்தான் கேட்டாள்.

ஆஸிஃபா வேதியியல் படித்தவள். அவள் பிறந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். கணவன் நிஷாத் கத்தாரில். மரக்காணத்தில் மாமனார் பக்கீர் முஹம்மதுவின் மளிகைக் கடைக்கு மேலே வீடு. படித்தது எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டு நாட்கள் போய்க்கொண்டிருந்தன. மாமியாரின் முட்டி அவளுக்கு ஒரு வேலை மாதிரி வந்து சேர்ந்தது.

டாக்டர் தொடைக்குப் பலம் கொடுக்கச் சொன்னார். பெரிய முதலியார்சாவடி பக்கம் பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்கிய ஜிம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். நாலு பக்கமும் கண்ணாடி. காதடைக்கும் பாட்டு. பயிற்சி தரும் பெண் சிரித்தபடி, "வெயிட் லாஸா ஆன்ட்டி?" என்றாள்.

"இல்லம்மா. சஜ்தா" என்றாள் ஜரீனா.

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. ஆஸிஃபா விளக்கியதும், "ஓ, ஃப்ளோர் எக்சர்சைஸ்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜரீனா முட்டியை நீவிக்கொண்டாள். பிறகு, "அவ்வளவு கண்ணாடி எதுக்கு? என் முட்டி எப்படி இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். அங்கே மறுபடி போக மாட்டாள் என்று ஆஸிஃபாவுக்குப் புரிந்தது.

கல்யாணத்துக்கு முன் நிஷாத் இருந்த அறை காலியாகத்தான் கிடந்தது. கட்டிலை ஓரம் தள்ளினார்கள். எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள, தொழுகை விரிப்புக்குப் பக்கத்தில் சுவரோடு ஒரு இரும்புக் குழாயைப் பக்கீர் பதித்துக் கொடுத்தார். உட்கார்ந்து எழ முதலில் நாற்காலி, அடுத்து ஸ்டூல், அப்புறம் சாப்பாட்டுப் பலகை. உட்காரும் இடம் படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே போக வேண்டும் என்பது ஆஸிஃபாவின் கணக்கு. கணுக்காலில் கட்டிக் காலை நீட்டி உயர்த்தத்தான் எடை வேண்டியிருந்தது. நிஷாத்தின் பழைய ஜீன்ஸை வெட்டி ஜரீனாவே இரண்டு பை தைத்தாள். மணல் போட்டார்கள், தையல் வழியே உதிர்ந்து தொழும் இடமெல்லாம் நறநறத்தது.

"கல்லு உப்ப போடேன். உப்பளத்து ஊருல இருந்துக்கினு உப்புக்கா பஞ்சம்?" என்றாள் ஜரீனா.

கடை வாசலில் கிடந்த மூட்டையிலிருந்து அள்ளிக் கட்டியதோடு அந்தக் கவலை தீர்ந்தது.

அது ஐப்பசி. மழை விட்டு விட்டுப் பெய்தது. முதல் வாரம் காலைத் தூக்குவதற்குள் ஜரீனாவின் முகம் சிவந்துபோகும். மார்கழி பிறந்தபோது கால் தானாக எழுந்தது. நிஷாத்துக்கு வீடியோவில் காட்டினாள். மரக்காணத்தில் பாதிப் பேருக்கு போனில் சொன்னாள். "பஞ்சு மாதிரி தூக்கறேன். அல்லா இந்த வயசுல பலம் குடுக்கறான்."

பைகள் தொங்கிய ஆணிக்குக் கீழே சுவர் ஈரமாகவே இருந்தது. மழை ஒழுக்கு என்று பக்கீர் மொட்டை மாடி முழுக்க வெள்ளை சிமெண்ட் பூசினார். மழை நின்ற பிறகும் சுவர் காயவில்லை. ஒருநாள் பெருக்க வந்த ஆஸிஃபா அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. பின்னாலேயே ஒரு கசப்பு.

அவளுக்கு வகுப்பறை ஞாபகம் வந்தது. சுத்தம் செய்யாத உப்பில் மெக்னீசியம் குளோரைடு இருக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்து கசியும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். எழுதியது தாளோடு போய்விட்டதா? பைகளைக் கீழே எடுத்துப்போய்த் தராசில் வைத்தாள். கட்டியபோது இருந்ததில் பாதிகூட இல்லை.

சொன்னால் மாமி உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அந்தச் சந்தோஷம் முழுக்கப் பொய். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருப்பதாக ஆஸிஃபா நினைத்தாள். யாருக்கும் தெரியாமல் பைகளில் பழைய எடைக்கு உப்பை நிரப்பி, மறுபடி ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் காலை ஜரீனா பையைக் கட்டிக் காலை உயர்த்தினாள். பாதியில் நடுங்கி இறங்கியது. இன்னொரு முறை பார்த்தாள். பிறகு கட்டை அவிழ்த்துவிட்டு, "நேத்து வரைக்கும் தூக்குன காலு" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அந்த அறைக்கு வரவில்லை. ஐந்து வேளையும் கூடத்து நாற்காலியில் தொழுதாள். போன் வந்தால், ஆஸிஃபாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

சில நாள் கழித்து ஆஸிஃபா, சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்த மாமியின் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மாமி, உங்க காலுக்கு ஒண்ணும் ஆகல. உப்புதான் கசிஞ்சு எளைச்சிடுச்சு. நீங்க கடைசியா தூக்கினது பாதி எடைகூட இல்ல. நான்தான் உங்களுக்குத் தெரியாம மறுபடி நெரப்பி வெச்சேன்."

கத்தி நின்றது. "அப்போ அந்தச் சுவரு?"

"அதுவும் உப்புத் தண்ணிதான்."

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தியா நீ?"

"சொன்னா மனசு விட்டுடுவீங்கன்னு பயந்தேன்."

"மனசு இப்ப மட்டும் என்ன பண்ணுச்சாம்? அந்தக் காலு என்னுதும்மா. அதுல என்ன தொங்குதுன்னு எனக்குத்தான் மொதல்ல தெரியணும்."

ஜரீனா வெங்காயத்தை அரிந்து முடித்தாள். தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள்.

"பலகையில உக்காந்து எழுந்தேனே. அதுலயும் எதுனா கசிஞ்சுதா?"

"இல்ல மாமி. அதுல உப்பே இல்ல. அது உங்க எடை."

ஜரீனா தன் உடம்பை மேலும் கீழும் பார்த்துக்கொண்டாள். "அது ஒரு பிடிகூட எளைக்கல. எனக்கே தெரியும்" என்றாள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் குரல் பழையபடி இருந்தது.

அன்று சாயங்காலமே உப்பைக் கொட்டிவிட்டு, பிளாஸ்டிக் கவரில் மணல் கட்டிப் பைகளில் போட்டார்கள். தராசைப் பிடித்தது ஜரீனா. முதல் நாள் எடையில் பாதியிலிருந்து தொடங்கினாள், இந்தத் தடவை தெரிந்தே. போனில் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை.

ரமலான் முதல் நோன்பன்று மாலை நேரத்து அஸர் தொழுகைக்கு நிஷாத்தின் அறையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் தொழுகை விரிப்பை விரித்தார்கள். ஜரீனாவுக்குப் பின்னால் நாற்காலியும் இருந்தது. தொழுகையில் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆஸிஃபாவின் கண் தன் விரிப்பிலேயே இருந்தது. காது மட்டும் பக்கத்தில். முட்டி சொடுக்கும் சத்தம். துணி தரையில் உரசும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அந்த அமைதி எவ்வளவு நேரம் நீடித்தது என்று அவளால் சொல்ல முடியாது. தான் ஓதிக்கொண்டிருந்ததையே திரும்ப ஓதினாள். மெல்ல, சுவரில் பதித்த குழாய் கிறீச்சிட்டது. இன்னொரு முறை கிறீச்சிட்டது. ஓரக்கண்ணில், அடுத்த விரிப்பில், இரண்டு பாதங்கள் அகலமாக ஊன்றி நின்றன.

மீதி மூன்று ரக்அத்தை ஜரீனா நாற்காலியில் தொழுதாள். தொழுகையை முடித்துச் சலாம் கொடுத்த பிறகும் வெகுநேரம் கையேந்தியபடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் விரிப்பின் நெளிவு பதிந்திருந்தது. அதை அவள் தேய்த்துவிடவில்லை.

ஆஸிஃபா விரிப்பை மடித்துவிட்டு, மூலையில் கிடந்த பைகளை ஆணியில் மாட்டப் போனாள்.

"இரு" என்றாள் ஜரீனா. "கீழ எடுத்துக்கினு போய் ஒருக்கா எடை போட்டுப் பாத்துட்டு வந்து மாட்டு."