சுரண்டிய கோடு தெரியட்டும் என்றவர்

பலராமன் சார் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஏழுமலை. எங்கள் அலுவலகத்தில் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவர். திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர் வரை சைக்கிள் மிதித்து வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றேன், வரவில்லை. தண்ணீர் எடுத்துவரத் திரும்பினேன், வேண்டாம் என்று கையசைத்தார். துக்கம் சொல்ல வந்தவர் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அவர் வாயைத் திறக்கும் முன்பே பாதி விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது.

“பலராமன் சார் பூட்டாரும்மா. நேத்து காத்தாலயே எடுத்துட்டாங்க. உங்க அட்ரஸ் யாருக்கும் தெரியல. கேட்டுக் கேட்டு நான்தான் வந்தேன்.”

முகம் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு. அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சொல்லிவிடலாம் என்று பத்து வருடத்துக்கு மேல் தள்ளிப்போட்டேன். இனி அதை அவரைத் தெரிந்த உங்களிடம்தான் சொல்ல முடியும். அதைச் சொல்வதற்கு முன் அவர் எப்படிப்பட்டவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் ஆளுக்கொரு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. திருவண்ணாமலையில், ஏரிகளையும் கால்வாய்களையும் கவனிக்கும் அரசு அலுவலகத்தில் நான் டிரேசர். பொறியாளர்கள் பென்சிலில் வரைவதன்மேல், அடியில் இருப்பது தெரிகிற மெழுகுத்துணியை விரித்து மையால் பிரதி எடுப்பது என் வேலை. வரைபடத்தில் எது எங்கே இருக்கிறது என்று என் விரலுக்குத் தெரியும். ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பலராமன் சார் அங்கே பெரிய பொறியாளர். ஒல்லியான ஆள், கோபக்காரர், பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருப்பார்.

ஏரி நிரம்பினால் வெள்ளம் எதுவரை வரும் என்று காட்டும் வரைபடங்கள் வெள்ளைக்காரன் காலத்தவை. அவற்றைப் புதிதாக வரையவும், எப்படி அளப்பது என்பதற்கு விதிமுறை எழுதவும் உத்தரவு வந்தது. அதற்குத் தற்காலிகமாக நான்கு பொறியாளர்களை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பையன்கள் அலுவலக வாசலில் வரிசை கட்டி நின்றார்கள். பாதிப் பேர் கையில் சிபாரிசுக் கடிதம் இருந்தது. பலராமன் சார் கடிதங்களை வாங்கி, பிரிக்காமலே ஃபைலுக்கு அடியில் வைத்துவிட்டு, எல்லோரையும் ஏரிக்கரைக்கு நடத்திக் கூட்டிப்போனார். பழைய வரைபடத்தைச் சுமந்துகொண்டு நானும் போனேன். உபரி நீர் வழிகிற கலங்கலின் மேல் நின்று ஒவ்வொருவரையும் ஒரே கேள்வி கேட்டார்.

“வெள்ளம் எது வரைக்கும் வரும்னு எத்த வச்சி சொல்வீங்க?”

ஒருவர் மழைக்கணக்கு என்றார். ஒருவர் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சூத்திரத்தை ஒப்பித்தார். கிராமத்து மணியக்காரரைக் கேட்பேன் என்றார் இன்னொருவர். கடைசியில் ஜெயவேலு என்று ஒரு பையன். விவசாயக் குடும்பம், பேன்ட் கூட அண்ணனுடையது போலத் தொளதொளவென்றிருந்தது.

“புத்து எங்க இருக்குன்னு பாப்பேன் சார். தண்ணி நிக்கிற எடத்துல புத்து எழும்பாது.”

மற்றவர்கள் சிரித்தார்கள். பலராமன் சார் சிரிக்கவில்லை. “உங்க ஊர் காலேஜ்ல இத்த சொல்லிக் குடுத்தாங்களா?” என்றார். “எங்க அப்பா சொன்னது சார்” என்றான் அவன். அன்றைக்கு முதலில் எழுதப்பட்ட பெயர் அவனுடையதுதான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாதமே அவர் எழுதிய விதிமுறை அந்தப் பதிலுக்கு நேர் எதிரானது. பழைய வரைபடங்களில் செல்வாக்குள்ளவர்களின் நிலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் வெள்ளக் கோடு மரியாதையாக ஒதுங்கிப் போயிருந்தது. அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று ஓரத்தில் குறிப்பு இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துக் கொதித்துப் போனவர், “கேட்டது கணக்கில் வராது, அளந்ததே கணக்கு” என்று முதல் விதியாக எழுதினார். யாரும் வந்து கோட்டை நகர்த்தக் கூடாது என்ற ஒரே எண்ணம்தான் அவருக்கு. நான்தான் அதை ஸ்டென்சிலில் வெட்டிக் கொடுத்தேன்.

அளப்பதற்கு உயரம் தெரிந்த ஒரு கல் வேண்டும். அதிலிருந்துதான் ஒவ்வொரு தெருவின் உயரத்தையும் கணக்கிடுவார்கள். எங்கள் ஊரில் அந்தக் கல், மலை சுற்றும் பாதையில் ஒரு சின்ன மண்டபத்தின் படியில் இருந்தது. அந்தக் காலத்து சர்வே ஆட்கள் அதில் ஒரு அடையாளம் செதுக்கியிருந்தார்கள். மேலே ஒரு கோடு, அதைத் தொட்டுக்கொண்டு ஒரு அம்பு. கல்லின் உயரம் பழைய பதிவேட்டில் இருந்தது. வெள்ளம் எந்த உயரம் வரை வரும் என்பதும் அதே பதிவேட்டில் இருந்தது. தெருக்களை மட்டும் புதிதாக அளந்தால் போதும்.

கல்லைப் பார்த்துவிட்டு வந்த அன்று ஜெயவேலு சிரித்துக்கொண்டே அலுவலகத்துக்குள் நுழைந்தான். “நம்ம அம்புக்குறிய வேல்னு நெனச்சி கும்புடறாங்க சார். விபூதி, குங்குமம் எல்லாம் வச்சி, பூ வேற சாத்தியிருக்காங்க. தொடச்சிட்டு அளவுகோல் வெக்க பயமா இருந்துச்சி.” எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

நான்கு பேரும் ஒரு வருடம் வெயிலில் அலைந்து அளந்தார்கள். வரைபடம் என் மேசைக்கு வந்தது. கலங்கலுக்குக் கீழே ஜட்காக்காரர் தெரு என்று ஒரு தெரு. குதிரை வண்டி ஓட்டுகிறவர்களின் கூரை வீடுகள். பஸ் ஸ்டாண்டும் ரயிலடியும் பக்கம் என்பதால் சவாரிக்கு வசதி. வெள்ளக் கோடு அந்தத் தெருவைத் தாண்டிப் போயிற்று. தெரு முழுவதும் வெள்ளத்துக்குள் என்று அர்த்தம். சிவப்பு மையில் அந்தக் கோட்டைப் போட்டது இந்தக் கைதான்.

அடுத்த மழைக்கு முன் தெருவைக் காலி செய்யச் சொல்லி ஆணை வந்தது. ஊருக்கு வெளியே நெடுந்தூரத்தில் மாற்று இடம். கன்னியம்மா என்ற ஜட்காக்காரர் மனைவி எங்கள் அலுவலகத்துக்கே வந்து நின்றாள்.

“எங்க மாமியா காலத்துலருந்து வூட்டாண்ட தண்ணி வந்ததே இல்லீங்க. பின்னால நாகாத்தம்மா புத்து ஆள் ஒசரம் நிக்குது. வந்து பாருங்க.”

ஜெயவேலு பலராமன் சாரைப் பார்த்தான். “நானும் பாத்தேன் சார், பெரிய புத்து” என்று மெதுவாகச் சொன்னான். சார் பேனா மூடியைக் கடித்தார். “இவங்களுக்காக இன்னைக்குக் கோட்ட நகத்தினா, நாளைக்கு மில்லுக்காரன் வந்து நிப்பான். அப்ப என்ன சொல்றது? வெள்ளம் வந்து இவங்கள அடிச்சிக்கினு போனா யார் பதில் சொல்றது?” என்றார். அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்கும் படவில்லை. பத்து நாளில் தெரு காலியாயிற்று. கூரையைப் பிரித்து, விட்டங்களை அந்தக் குதிரை வண்டிகளிலேயே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் முழு உயரத்துக்கு வழிந்தது. மூன்றாம் நாள் காலையில் பலராமன் சார் குடையோடு ஜட்காக்காரர் தெருவுக்குப் போயிருக்கிறார். ஏழுமலைதான் கூடப் போனார். தண்ணீர் தெருமுனைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டது. இடித்துப்போட்ட மண் சுவர்கள், காலி அடுப்புகள், பின்னால் அந்தப் புற்று, எல்லாம் மழையில் நனைந்ததோடு சரி. வெள்ளம் அவற்றைத் தொடவே இல்லை. வெகுநேரம் அந்த அடுப்புகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

முழங்கால் வரை சேற்றோடு நேராக என் மேசைக்கு வந்தார்.

“சரோஜாம்மா, நீங்க பௌர்ணமிக்குப் பௌர்ணமி மல சுத்தறவங்களாச்சே. அந்த மண்டபத்துப் படி முன்ன இருந்த மாதிரியே இருக்குதா?”

“இல்ல சார். முன்ன வேலுக்கு ஓரமா அந்தக் கல்லு மேல உக்காந்தா காலு தரையில படும். இப்ப தொங்குது.”

“எப்போலருந்து?”

“மண்டபத்த ரிப்பேர் பண்ணாங்களே சார், அப்போலருந்து. நீங்க ஆளுங்கள எடுத்தீங்களே, அதுக்கு முந்தின வருஷம்.”

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு விசாரித்ததில் தெரிந்தது: வேல் மேல் யார் காலும் படக்கூடாது என்று கொத்தனார்கள் அந்தக் கல்லைப் பெயர்த்து ஒன்றரை அடி மேலே வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பக்திதான், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கல் மேலே ஏறியது பதிவேட்டுக்குத் தெரியாது. அதனால் அதை வைத்து அளந்த ஊர் முழுவதும் தாளில் ஒன்றரை அடி கீழே இறங்கிவிட்டது.

மேலிடத்துக்கு அவரே எழுதினார். “கல் இடம் மாறியதா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டாம் என்று விதி எழுதியவனும் நானே.” ஜெயவேலு அளந்தது சரி என்று தனியாக ஒரு பத்தி எழுதியிருந்தார். அந்தப் பையனுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்க அந்தப் பத்தி உதவிற்று. என் பெயர் எங்கேயும் இல்லை. “நான் முன்னாடியே சொல்லியிருக்கணும் சார்” என்று இழுத்தேன். “உங்கள யாரும் கேக்கலியேம்மா. கேக்காதது எங்க தப்பு” என்றார். அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வரைபடத்தைத் திருத்த வேண்டும். புதுத் துணியில் முதலிலிருந்து வரைந்துவிடுகிறேன், சுத்தமாக இருக்கும் என்றேன். வேண்டாம் என்றார். அதே துணியில் பழைய சிவப்புக் கோட்டை பிளேடால் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போடச் சொன்னார். எவ்வளவு பதமாகச் சுரண்டினாலும் துணியில் மை ஊறின தடம் போகாது. பார்க்க அசிங்கமாக இருக்குமே என்றேன்.

“சுரண்டின எடம் தெரியட்டும்மா. நாளைக்கு வர்றவன் பாத்துட்டு, இங்க என்ன ஆச்சின்னு கேக்கணும்.”

கோட்டைத் திருத்திவிட்டோம். தெருவைத் திருத்த முடியவில்லை. காகிதங்கள் மேலே போய்க் கீழே வருவதற்குள் அந்த இடம் வேறு காரியத்துக்கு ஒதுக்கப்பட்டு அஸ்திவாரமும் போட்டாகிவிட்டது. புற்றையும் இடித்துவிட்டார்கள். பலராமன் சார் மாற்று இடத்துக்குப் போய், வீடு வீடாக நின்று, தப்பு எங்களுடையது என்று சொன்னார். துணைக்கு என்னையும் அழைத்தார். எனக்கு ஜுரம் என்று சொல்லிவிட்டேன். ஜுரமெல்லாம் ஒன்றுமில்லை. கன்னியம்மா சொன்னதை ஏழுமலை வந்து சொன்னார்: “இத்த சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க? புத்து தெனம் சொல்லிக்கினுதான இருந்துச்சி.”

பலராமன் சார் மேல் விசாரணை வந்தது, பதவி உயர்வு போயிற்று. கடைசிவரை அதே நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றார். எண்பதுகளில் ஊரெல்லாம் ஆட்டோ வந்த பிறகும் அவர் கன்னியம்மா வீட்டுக்காரரின் ஜட்காவில்தான் போவார், வருவார். நடந்தே போகலாம், அவ்வளவு பக்கம். வண்டி வரும்வரை வெயிலில் காத்துக்கொண்டு நிற்பார். அந்தக் குதிரையும் செத்துப்போன பிறகுதான் நடக்க ஆரம்பித்தார். சாவுக்குக் கன்னியம்மா வந்தாளா என்று ஏழுமலையைக் கேட்டேன். வந்தாளாம். அழவில்லையாம். எடுக்கும் வரை ஓரமாக உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாளாம்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உங்கள யாரும் கேக்கலியேம்மா என்று அவர் சொன்னபோது, எனக்கு முன்பு தோன்றவே இல்லை என்று நம்பித்தான் சொன்னார். அது உண்மையில்லை. அம்புக்குறியை வேல் என்று கும்பிடுகிறார்கள் என்று ஜெயவேலு சிரித்தானே, அந்த நிமிடமே எனக்கு என் கால் தொங்கியது நினைவுக்கு வந்தது. அந்தக் கல்லைத் தூக்கி வைத்துவிட்டார்களே என்று நாக்கு நுனி வரை வந்தது. ஐந்து பொறியாளர்கள் பேசும் இடத்தில் டிரேசருக்கு என்ன பேச்சு என்று விழுங்கிவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வருடம் அவர்கள் அளந்தார்கள். ஒரு வருடம் நான் வாய் திறக்கவில்லை. அந்தப் பழியை முழுவதும் அவர் சுமந்தார். நான் அவரைச் சுமக்க விட்டேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த பிளேடு ஒன்றுதான். துருப்பிடித்து என் பென்சில் டப்பாவில் கிடக்கிறது. இந்த அஞ்சலியை எழுதும்போது, நான் வாய் திறக்காததைச் சொல்லும் பத்தி இல்லாமல் முதலில் ஒன்று எழுதி முடித்தேன். சுத்தமாக, அழகாக இருந்தது. பலராமன் சார் பார்த்திருந்தால், இங்கே என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவே மாட்டார்களே என்று சொல்லியிருப்பார். கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதினேன்.