தொரை மென்ற பூ

வீரய்யாவுக்கு இரண்டு பதவிகள். வேலை நாளில் இலங்கை மலையகத்தில் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்துக்காரர். கத்தியும் கையுமாய்த் தேயிலைச் செடிகளின் தலையைச் சீவுகிறவர். ஞாயிற்றுக்கிழமையில் முனியாண்டி கோயில் பூசாரி. கோயிலென்றால் கோபுரம் கீபுரம் எதுவும் கிடையாது. ஒரு மரம், ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். ஆனால் அந்த மரத்தடியில் அவர் சொன்னால் சொன்னதுதான், வேலை வாங்கும் கங்காணிகூட வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். வேறெங்கும் அந்த மரியாதை அவருக்குக் கிடையாது. வீட்டில் சுத்தமாகக் கிடையாது.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆடி மாதம். தோட்டத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்று அவர் மனைவி பெரியாயி ஒற்றைக் காலில் நின்றாள். வடக்கே தமிழர் பக்கமான வவுனியாவில் காடு வெட்டிக் குடியேறியிருந்த அவள் அண்ணன், வந்துவிடுங்கள் என்று ஆள் மேல் ஆளாகச் சொல்லியனுப்பிக்கொண்டிருந்தான். எழுபத்தேழு இனக்கலவரத்தில் கலகக்காரர்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குள் புகுந்து பெட்டி படுக்கையை அள்ளிப் போனதை அவள் இன்னும் மறக்கவில்லை.

"பதுளையில துணிக்கடை ஜௌபர் மொதலாளி சொல்றாருங்க, டவுன்ல பேச்சே சரியில்லையாம். தெரியாத ஆளுக வேற நம்ம லயத்த வந்து வந்து பாத்துட்டுப் போறானுக. எனக்குப் பயமா இருக்குது, போயிருவோங்க."

வீரய்யாவுக்கும் பயம்தான். ஆனால் வவுனியாவில் அவர் யார்? மச்சான் நிலத்தில் ஒண்ட வந்த ஆள். அந்த நினைப்பு பயத்தையே அமுக்கிவிட்டது.

"சாமிகிட்ட பூக் கேட்டுருவோம்" என்றார். அதாவது, ஒரு வெற்றிலையில் சிவப்பு ரோசா இதழ், இன்னொன்றில் வெள்ளை. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துத் தட்டில் கலைத்து வைப்பார்கள். விஷயம் தெரியாத யாராவது ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் வவுனியா, வெள்ளை வந்தால் இங்கேயே.

ஞாயிறன்று லயமே மரத்தடியில் கூடிவிட்டது. போவதா இருப்பதா என்ற கேள்வி எல்லோருக்கும்தான் இருந்தது. பனிமூட்டம் கலையவில்லை. தப்பு அடிக்கிறவன்கூட மெதுவாகத்தான் அடித்தான்.

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் கேமராவும் அரைக்கால் சட்டையுமாக ஒரு வெள்ளைக்காரர் ரயில் பாதையிலிருந்து ஏறி வந்தார். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர். எல்லோருக்கும் கும்பிடு போட்டார், மரத்தில் கட்டியிருந்த ஆட்டுக்கும் ஒன்று போட்டார்.

"ஆத்தாடி, தொரைய பாருங்களேன்!" அடுத்த காம்பரா அறையில் குடியிருக்கும் நல்லம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நம்ம சங்கதி ஒன்னுந் தெரியாத மனுசன். இவரே எடுக்கட்டுமே."

வீரய்யா தட்டை நீட்டினார். பதுளைக் கடைத்தெருவில் ஆட்கள் வெற்றிலை மடித்துப் போடுவதைத் துரை பார்த்திருக்கிறார் போல. உபசாரம் என்று நினைத்து ஒன்றை எடுத்தார், சிரித்தார், அப்படியே வாயில் போட்டு மென்றார்.

"அடக் கடவுளே! சாமி வாக்க தின்னுட்டாரே!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துரையும் கண்ணில் நீர் வழிய விழுங்கிவிட்டு, நன்றாயிருக்கிறது என்று வயிற்றைத் தடவிக் காட்டினார். பெரியாயி மட்டும் சிரிக்கவில்லை. துரையின் உதட்டில் ஓர் இதழ் ஒட்டியிருந்தது.

"செவப்பு" என்றாள். "சாமி போகச் சொல்லிருச்சு."

சிரிப்பு பட்டென்று நின்றது. எல்லோரும் பூசாரியைப் பார்த்தார்கள். மனுஷன் கொஞ்சமும் வாய் கூசாமல் சொன்னார்:

"வாயில போனத சாமி திருப்பி எடுத்துக்கிச்சு. தட்டுல கெடக்கிறதுதான் நமக்கு."

மற்ற வெற்றிலையைப் பிரித்துக் காட்டினார். வெள்ளை. கூட்டம் பெருமூச்சு விட்டது. அவர்களுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. துரை வீரய்யாவை ஒரு படம் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். கீழே ரோட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இரண்டு பேர் லயத்தைக் கை காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பெரியாயி சண்டை பிடிக்கவில்லை. டிரங்குப் பெட்டியில் அடுக்கியிருந்த துணிகளை எடுத்துக் கொடியில் போட்டாள். அவள் திட்டியிருந்தால் வீரய்யாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பிறகு ஒரு பகலில் பதுளைப் பக்கம் கறுப்பாகப் புகை எழுந்தது. பஸ் வரவில்லை, ரயிலும் வரவில்லை. டவுனில் கடைகள் எரிகின்றன, லொறிகளில் கலகக்காரர்கள் தோட்டங்களுக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடினார்கள். வீரய்யாவுக்கு இப்போது பூசாரியாவது ஒன்றாவது, உயிர் இருந்தால் போதும் என்றிருந்தது. பெரியாயியின் கையைப் பிடித்துக் கெஞ்சினார்.

"கெளம்பு புள்ள. ஒங்கண்ணன்கிட்டயே போயிருவோம்."

அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. கீழே ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டது.

"எந்த ரோட்டுலங்க போறது?" என்றாள்.