இடது கால் விழும்போது

கடைக்கு வருபவரின் முகத்தை அல்தாஃப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்க்கிறார். திருத்தணி மலையடிவாரத்தில் டூவீலர் மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவர். யாராவது நடந்து வந்தால், அவர்களுடைய இடது கால் தரையில் படும் நேரம் பார்த்து, "தம்" என்று அடித்தொண்டையில் ஒரு குரல் கொடுக்கிறார். நில் என்பதற்கான ராணுவக் கட்டளை அது. ஒருநாள் பூக்கூடையோடு போன அம்மாள் நிஜமாகவே நின்றுவிட்டாள்.

"இன்னா பாய், கூப்ட்டியா?"

"இல்லம்மா, நீ போ. கரெக்டா வந்துட்ச்சி."

வருஷத்தில் பெரும்பகுதி ஸ்பேனர், மிச்சம் துப்பாக்கி. டெரிட்டோரியல் ஆர்மியில் அவர் பகுதிநேரச் சிப்பாய். மலையிறங்கும் வண்டிகளுக்கு பிரேக் ஷூ மாற்றி மாற்றிக் கறுத்த கை, பயிற்சி முகாம் நெருங்கினால் தேங்காய் நாரும் சோப்பும் பட்டு வெளுக்கத் தொடங்கும். இப்போது லான்ஸ் நாயக். சட்டைக் கையில் ஒரு பட்டை. நாயக் ஆகி இன்னொரு பட்டை தைத்துக்கொள்ள வேண்டும் என்பது வைராக்கியம். நூல்கூட வாங்கி வைத்தாயிற்று.

"ஊட்ல நடக்கவே பயமாக்கீது. தண்ணி எடுக்கப் போனாலும் என் காலையே பாத்துகினு கீறாரு" என்கிறார் மனைவி நிஷாத் பேகம். சொல்லும்போது சிரிப்புதான். முகாம் நாட்களில் கடையைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

போன தடவை பதவி உயர்வுத் தேர்வில் சுடுவதிலும் ஓடுவதிலும் தேறிவிட்டு, அணியை நடத்திக் காட்டுவதில் கோட்டைவிட்டார் அல்தாஃப். வீட்டில் உருது பேசுகிறவருக்கு இந்திக் கட்டளை தண்ணீர் பட்ட பாடு. தொண்டைக்கும் குறைவில்லை. இளகிய மனசுதான் காலை வாரிவிட்டது. அணியில் பச்சையப்பன் இருந்தார். திருவாலங்காட்டுக் கரும்பு விவசாயி, வயதில் மூத்தவர், அல்தாஃபைப் படையில் சேரச் சொன்னவரே அவர்தான். நடக்கும்போது பச்சையப்பனுக்கு மட்டும் கால் மாறிப்போனது. அண்ணன் தடுமாறக் கூடாதே என்று அவருடைய இடது கால் விழும்போது "தம்" சொன்னார் அல்தாஃப். மற்ற எல்லோருக்கும் அது வலது கால். முன்னால் போனவர்கள் குழம்பி நிற்க, பின்னால் வந்தவர்கள் அவர்கள் முதுகில் போய் முட்டினார்கள். பாவம் பார்த்தால் பழி வந்து சேரும் என்பது இதுதான்.

அடுத்த மாதம் மறுபடி தேர்வு. "இதுவும் போச்சினா அவ்ளோதான். மூணாவது சான்ஸ் கெடையாது" என்கிறார். அதனால் ஞாயிறுதோறும் விடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுகிறார் பச்சையப்பன். "என்னாலதான கெட்டுச்சி. நானே நடக்கறேன், நீ சொல்லு."

போன ஞாயிறு, ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் மைதானத்தில், நிற்க வேண்டிய இடத்துக்கு அடையாளமாக ஒரு செங்கல். முந்தைய நாள் மழையில் அதைச் சுற்றிச் சேற்றுக்குட்டை. பச்சையப்பன் காலில் பாலிஷ் போட்ட பூட்ஸ். ஒவ்வொரு முறையும் குட்டைக்கு முன்னாலேயே "தம்" வந்தது.

பச்சையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "செங்கல் அங்க கீது. நீ இங்க நிறுத்தற. என் பூட்ஸப் பாத்துகினு இருந்தா உனுக்கு எப்படிப்பா பட்டை குடுப்பான்?"

 அல்தாஃப் அவரைத் திரும்பக் கூட்டிப்போய் முதலிலிருந்து நடக்கவிட்டார். குட்டை வந்தது. தாடை இறுகியதே தவிர வாய் திறக்கவில்லை. செங்கல்லுக்கு நேராக இடது கால் விழுந்தபோது மைதானமே அதிர, "தம்."

சேறு முழங்கால்வரை தெறித்தது. பச்சையப்பன் அசையவில்லை, விறைப்பாக நின்றார். அல்தாஃபும் அவசரப்படவில்லை. முறைப்படி நிதானமாக அவரை இளைப்பாறச் சொல்லி, பிறகு கலைந்துபோகும் கட்டளையும் கொடுத்தார்.

அதற்கப்புறம்தான் தோளில் கிடந்த கிரீஸ் துணியை எடுத்தார். சேற்றிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, காலக் குடுங்க."