ஜன்னல் தேடும் செங்குட்டுவன்

வீடு பார்க்கப் போனால், முதலில் சுவரைச் சாவிக்கொத்தால் தட்டுவார். குழாயைத் திறந்து மூடுவார். பிறகு சமையலறைக்குள் நுழைந்து ஜன்னலைத் தேடுவார். இல்லையென்றால் அங்கிருந்தே வசவு கிளம்பும். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் இரைச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை; தெருக்கோடி வரை கேட்கும்.

எங்கள் பிளாக் செங்குட்டுவன் ரிட்டயர் ஆகிவிட்டார். மாதக் கடைசியில் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். நாலைந்து குடித்தனம் உள்ள வீடாகப் பார்த்து, ஒன்றில் தாமும் இருந்து, மற்றவற்றின் வாடகையில் காலம் தள்ளுவது திட்டம். கட்டுவதா, கட்டியதை வாங்குவதா என்பதில்தான் சண்டை.

"மனை வாங்கி நாமளே கட்டலாங்க," என்பார் மனைவி தனம்.

"மேஸ்திரி பின்னால யாரு அலையறது? அதுவரைக்கும் நாம வாடகை குடுத்துகினு கெடக்கணும். வாங்கினா மொத மாசமே வாடகை வரும்."

"அப்ப வாங்குங்க. கட்டின வூட்டுக்கு எட்டு வக்கணை சொல்லிகினே இருந்தா எப்படி?"

இவர் வண்டிச் சத்தம் கேட்டாலே புரோக்கர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நான்தான், ஆனால் நிஜம்.

போன ஞாயிறு வடலூரில் ஆறு குடித்தன வீடு ஒன்று. ஒரு போர்ஷன் காலி. தனமும் நானும் கூடப் போனோம். சுவர் தேறியது. குழாய் தேறியது. அடுத்த போர்ஷனில் தமயந்தி என்ற பெண் குழம்பு கொதிக்கவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். காலி போர்ஷனைப் போலவே அங்கும் சமையலறைக்கு ஜன்னல் இல்லை.

"தாளிச்சா வெளிய ஓடி மூச்சு வுட்டுகினு வருவேங்க. பொண்ணுக்குத்தான் இருமல் நிக்கவே மாட்டேங்குது."

"வாடகைக்கு வுடறதுதானே சார்," என்றார் வீட்டுக்காரர். "நாமளா இருக்கப் போறோம்?"

"யோவ், மாட்டுக் கொட்டாய்க்கே காத்து வர வழி வெப்பான்யா! வாடகையும் வாங்கிகினு மனுசன அவிக்கிறியா?"

"புடிக்கலன்னா புதுசா கட்டிக்குங்க. இவங்களுக்கு இது போதும்."

செங்குட்டுவன் தமயந்தியின் சமையலறைச் சுவரைச் சாவிக்கொத்தால் மறுபடி தட்டிப் பார்த்தார்.

"நான் புதுசா கட்டினா இந்தப் பொண்ணுக்கு எப்படிய்யா மூச்சு வரும்? நீ சொன்ன வெலைக்கே எடுத்துக்கறேன். ஏம்மா, இந்தச் செவுத்துல ஜன்னல் தொறக்கக் கடப்பாரை இருக்கா?"

"சார், இன்னும் அட்வான்ஸே குடுக்கல!"

செங்குட்டுவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் தனத்தைப் பார்த்தேன். இப்போதாவது தடுப்பாரா?

தனம் அடுப்பை அணைத்தார். தூசு விழாமல் குழம்புச் சட்டியைத் தட்டால் மூடினார்.